வட்ஸ்அப்பில எழுதுறதை ஒரு புளொக்கிலயும் எழுதி வையுங்கோ

எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில பெரியம்மா எழுதுற மாதிரி எழுதக்கூடிய ஆக்கள் கொழும்பில கனபேர் இருக்க மாட்டினம். ரீச்சரா இருந்து பென்சன் எடுத்தவ, முழு வாழ்க்கையும் வெள்ளவத்தையிலதான். திடீரெண்டு ஒரு மத்தியானம் கொழும்பில நடக்கிற முருகன் திருவிழா ஆடிவேல் பற்றி எழுதத் தொடங்குவா, செட்டியார் தெருவில இருந்து வேல் வெளிக்கிட்டு காலி வீதியால பம்பலப்பிட்டிக்கு வாறது, மாடு இழுக்கிற தேர், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்புக் கட்டு, காப்புக் கடை, தாகசாந்திப் பந்தல், சிங்களப் பிள்ளையளும் தேப்பன்மாரின்ர தோளில ஏறி இருந்து பாக்கிறது, அண்டைக்கு மட்டும் இருட்டின பிறகும் வெளியில நிக்க விட்ட தன்ர அப்பா. அதுக்குக் கீழ பத்து நிமிசத்துக்குள்ள ஒராள் கேக் படம் போடுவார், ஒராள் சீனி வருத்தத்துக்கு கைமருந்து ஃபோவர்ட் பண்ணுவார், ரெண்டு பேர் கும்பிடுற கை போடுவினம், அவ்வளவுதான், அடுத்த கிழமை அந்த மெசேஜைத் தேடினா ஆருக்கும் கிடைக்காது. பிறகு அவவின்ர போன் தண்ணிக்குள்ள விழுந்து பழுதாப் போச்சு, பக்கப்பும் இல்லை. மற்றவையின்ர போன்களில கிடந்ததைத் தேடி எடுத்ததில கொஞ்சம்தான் மிஞ்சினது.

இதுக்குத்தான் நான் ஆரைக் கண்டாலும் ஒரு புளொக், அதான் இணையத்தில சொந்தமா ஒரு வலைப்பதிவு, தொடங்குங்கோ எண்டு கேக்கிறனான். எழுத்தாளர் ஆகிறதுக்கு இல்லை. காசுக்கும் இல்லை, கூகுள் விளம்பரம் 2018இல இருந்து தமிழுக்கும் இருக்கு, எண்டாலும் எங்கட ஆக்களின்ர வாசகர் எண்ணிக்கைக்கு அதை நம்பி ஒண்டும் செய்யேலாது. நீங்கள் ஏற்கனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறியள், நல்லா எழுதுறியள், ஆனா எழுதுற இடம் ஒண்டையும் வச்சிருக்காத இடம். நான் சொல்லுறது அவ்வளவுதான்.

உடன வாற கேள்வி, ஆர் வாசிக்கப் போகினம்? நியாயமான கேள்வி. பேஸ்புக்கில போட்டா இரவுக்குள்ள நூறு லைக் வரும், புளொக்கில போட்டா அண்டைக்கு நாலு பேர்தான் பாப்பினம். ஆனா அந்த நாலு பேர் எண்ட கணக்கு அண்டையான் கணக்கு மட்டும்தான்.

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் கட், காஸ் இல்லை, ஜூன் 26இல 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அதுக்குப் பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்க கியூஆர் கோட். இந்த விலையும் திகதியும் பேப்பரில இருக்கு, ஆரும் எடுத்துப் பாக்கலாம். எங்கட லேனில இருக்கிற பிளட்டில என்ன நடந்தது எண்டது பேப்பரில இல்லை. பிளட்டுக்குள்ள விறகு வச்சு எரிக்கேலாது, புகை மேல் வீட்டுக்குப் போகும், அப்ப மூண்டாம் மாடியில இருக்கிற ஐயா ஒருத்தர் ஒரு பெரிய பழைய பிஸ்கட் ரின்னில மரத்தூள் அடுப்பு செஞ்சார். ரின்னுக்கு அடிப்பக்கத்தில ஒரு ஓட்டை. நடுவில ஒரு போத்தலை நிமித்தி வச்சு, சுத்திவர மரத்தூளைக் கொட்டி உலக்கை மாதிரி ஒரு தடியால இறுக்கி இறுக்கி இடிச்சு, பிறகு போத்தலைத் திருகித் திருகி மெதுவா மேல எடுத்தா நடுவில ஒரு குழாய் விட்டிருக்கும். அடி ஓட்டைக்கால ஒரு குச்சியைக் கொளுத்தி உள்ளுக்கு விட்டா அந்தக் குழாய்க்குள்ளால நெருப்பு ஏறி, மணித்தியாலக் கணக்கா ஊதாமலே நிண்டு எரியும். மரத்தூள் மொறட்டுவையில தச்சுப் பட்டறை வச்சிருக்கிற அவற்ர சிநேகிதர் சாக்கில தந்தது. அதை மொட்டை மாடியில வச்சு, எந்த வீட்டுக்கு எத்தினை மணி எண்டு சிங்களத்திலயும் தமிழிலயும் எழுதி லிப்ட் கதவில ஒட்டி, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, எங்கட வீடு எண்டு எல்லாரும் வரிசையா ஏறிச் சமைச்சம். தூள் ஈரமா இருந்தா புகைக்கும், இறுக்கம் காணாட்டி நடுவில சரிஞ்சு விழுந்து அணைஞ்சு போகும், ரெண்டும் நடந்தது, எல்லாத்தையும் என்ர புளொக்கில எழுதினனான்.

அந்தப் பதிவை அந்த நேரம் வாசிச்ச ஆக்கள் மிச்சம் குறைவு. பிறகு ஒரு பல்கலைக்கழக மாணவி தன்ர ஆய்வுக்கு, காஸ் இல்லாத காலத்தில நகரத்துச் சனம் எப்பிடிச் சமைச்சது எண்டு தமிழில கூகுள் பண்ணிப் பாக்கேக்க அதைக் கண்டு எழுதினா. இன்னும் சில பேர் அடுப்பை மட்டும் கேட்டு எழுதிச்சினம், ரின் எவ்வளவு பெருசு, போத்தல் எந்தச் சைஸ் எண்டு. அதே அடுப்பை எங்கட பிளட் பெடியன் ஒருத்தன் வடிவா படம் எடுத்து பேஸ்புக்கில போட்டவன், லைக்கும் ஷெயாரும் அள்ளினது, இண்டைக்கு அவனுக்கே அந்தப் போஸ்ட்டைத் தேடி எடுக்கேலாமல் கிடக்கு.

வட்ஸ்அப்பைக் குறை சொல்லேல்ல. அது பூட்டின வீடு, பூட்டித்தான் இருக்கோணும், வீட்டுக் கதையை வெளியாக்கள் தேடிப் பிடிக்கக் கூடாது. பேஸ்புக்கில மூடின குறூப்புக்குள்ள போடுறதும் அப்பிடித்தான், கூகுளின்ர தேடல் உள்ளுக்கு வராது. புளொக் எண்டது அதுக்கு எதிர்ப்பக்கம், வெளியில திறந்து கிடக்கும், ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி, தலைப்பில "வெள்ளவத்தை" எண்டும் "ஆடிவேல்" எண்டும் எழுதி இருந்தா எந்த வருசத்தில எந்த நாட்டில இருந்து தேடினாலும் வந்து நிக்கிறதுக்கு வழி இருக்கு. அதால தலைப்பை அழகா வைக்கிறதை விட தேடுறவை அடிக்கக்கூடிய சொல்லை வையுங்கோ. "மலரும் நினைவுகள்" எண்டு வச்சா ஆர் அதை அடிச்சுத் தேடப் போகினம்? ஊர், தெரு, வருசம், சாமான்ர பேர் இதுகள் கட்டாயம் வரோணும். "இண்டைக்கு", "போன கிழமை" எண்டு எழுதாமல் திகதியை எழுதுங்கோ, அஞ்சு வருசம் கழிச்சு வாசிக்கிறவருக்கு எந்தப் போன கிழமை எண்டு விளங்காது.

இதில எங்கட வயசான ஆக்களுக்கு இன்னொரு சிக்கல், பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. இலங்கையில கனபேர் தமிழ் ரைப்பிங் பழகினது பாமினியிலதான், அந்தக் காலத்தில அடிச்ச நினைவுமலர், ஊர்ச் சங்க அறிக்கை, கவிதை, நாடகப் பிரதி எல்லாம் அதிலதான் கிடக்கு. பாமினியில அடிச்சது திரையில தமிழாத் தெரியும், ஆனா உள்ளுக்க இருக்கிறது ஆங்கில எழுத்துக்கள், எழுத்துருதான் அதுக்குத் தமிழ் முகம் குடுக்குது. அதை அப்பிடியே இணையத்தில போட்டா தேடலுக்கு அது தமிழே இல்லை. எல்லாக் கொம்பியூட்டருக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்தோணும், அதுக்கு பொங்குதமிழ் மாற்றி மாதிரி இலவசமானதுகள் கனகாலமா இருக்கு, ஒரு பக்கம் ஒட்டினா மற்றப் பக்கம் யூனிகோடு வரும், அஞ்சு நிமிச வேலை. எத்தினை வீட்டுக் கொம்பியூட்டருக்குள்ள இப்பிடி பாமினி ஃபைல் செத்துக் கிடக்குதோ எண்டு நினைச்சா எனக்கு உண்மையா நித்திரை வாறேல்ல.

அடுத்தது, நான் ஆர் எழுதுறதுக்கு எண்டு கேக்கிறது. இதை இலங்கைத் தமிழர் கேக்கவே கூடாது எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் எங்களுக்கு டொமினிக் ஜீவா இருந்தவர். பள்ளிக்கூடத்தை இடையில விட்டவர், யாழ்ப்பாணத்தில சலூனில வேலை செஞ்சவர், சிறுகதைக்கு சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினவர், 1966இல மல்லிகை எண்ட இலக்கிய இதழைத் தொடங்கி நாப்பது வருசத்துக்கு மேல நடத்தினவர். அச்சுக் கோத்து, பேப்பர் விலை பாத்து, வந்த பிரதியைக் கையில எடுத்துக்கொண்டு தானே நடந்து வித்தவர். கொழும்புக்கு வந்த பிறகும் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியில இருந்து அந்த இதழ் வந்தது. 2021 ஜனவரியில இஞ்ச கொழும்பிலதான் செத்தவர். இப்ப அந்த இதழுகள் நூலகம் எண்ட இணையத்தளத்தில ஸ்கான் பண்ணிக் கிடக்கு, போனிலயே வாசிக்கலாம். அந்த மனுசன் ஒரு இதழுக்குப் பட்ட பாட்டில நூறில ஒரு பங்கு கூட எங்களுக்கு இப்ப தேவையில்லை, பேப்பரும் வேண்டாம், அச்சகமும் வேண்டாம், புளொக் தொடங்கிற புளொக்கர், வேர்ட்பிரஸ் ரெண்டும் இலவசம், கையில போன் இருக்கு. பிறகு நான் ஆர் எண்டு என்ன கேள்வி?

என்ர மாமா ஒருத்தர் இளந்தாரி வயசில இருந்து புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில வெங்காயம், கிழங்கு, பருப்பு எண்டு மொத்த வியாபாரத்தில நிண்டவர். அவரிட்ட எழுதச் சொல்லிக் கேட்டா "உதெல்லாம் ஆருக்கடா வேணும், கடையில நிக்கிற பெடியனுக்கே தெரியும்" எண்டார். கடையில நிக்கிற பெடியனுக்குத் தெரியும் மாமா, எனக்குத் தெரியாதே எண்டு சொல்லி போனில மைக்கை அமத்தி அவருக்கு முன்னால வச்சன். கூகுள் விசைப்பலகையில இலங்கைத் தமிழ் எண்டு தனியா ஒரு தெரிவு இருக்கு, கதைக்கக் கதைக்க எழுதும், எங்கட பேச்சில சில சொல்லை மாத்திப் போடும், பிறகு இருந்து திருத்தோணும், ஆனா அடிக்கத் தெரியாத ஒராளுக்கு அது பெரிய உதவி.

அவர் சொன்னதைக் கேளுங்கோ. மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து, நிறத்தைப் பாக்க முதல் கழுத்தை நசிச்சுப் பாக்கோணுமாம், தாள் வெட்டின இடம், அது காய்ஞ்சு இறுகி இருந்தா அந்த மூட்டை கிடக்கும், மெத்தெண்டு அமுங்கினா உள்ளுக்க ஈரம், மேல் தோல் எவ்வளவு மினுங்கினாலும் கெதியா அழுகும், அப்பிடியான மூட்டையை அண்டைக்கே தள்ளிவிடோணும். பிறகு, ஓகஸ்ட் செப்டெம்பர் பக்கம் தம்புள்ளை வெங்காயம் அறுவடைக்கு வரேக்க இறக்குமதிக்கு விசேட பண்ட வரியைக் கூட்டுறது வழக்கம், அதுக்கு முதல் ஆர் எவ்வளவு இறக்கி வச்சிருக்கினம், ஆர் பயந்துபோய் விக்கினம் எண்டு லொறியள் நிக்கிற விதத்திலயே தனக்குத் தெரியும் எண்டார். 2023 டிசெம்பரில இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிப்பாட்டினதும் விலை ஏறின ஏத்தத்தை எல்லாரும் கண்டம், ஆனா அந்தச் செய்தி வந்த அண்டு நாலாம் குறுக்குத் தெருவில ஆர் ஆருக்குக் கடன் குடுக்க மறுத்தினம், ஆர் பழைய முகத்துக்காக பழைய விலைக்கே குடுத்தினம் எண்டதை அவர் சொல்லாட்டி ஆர் சொல்லுவினம்? இதைப் பொருளாதாரம் படிக்கிற பிள்ளையள் வாசிக்கோணும். ஆட்களின்ர பேரை மட்டும் எடுத்துப்போட்டு முழுவதையும் பதிவாப் போட்டம். ரெண்டு நாள் கழிச்சு தானா ஃபோன் எடுத்து "டேய், செத்தல் மிளகாய் பற்றியும் சொல்லோணும்" எண்டவர்.

இந்த இடத்தில ஒரு சிலர் விக்கிப்பீடியா இருக்குத்தானே எண்டு கேப்பினம். இருக்கு, அது எங்களுக்குப் பெருமையும்தான், 2003இல தொடங்கின தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில தூக்கி நிறுத்தினது எங்கட யாழ்ப்பாணத்து மயூரநாதன், தொழிலால கட்டடக்கலைஞர், கிட்டத்தட்டத் தனியாளா இருந்து எழுதத் தொடங்கினவர். ஆனா விக்கிப்பீடியாவுக்கு ஆதாரம் வேணும், ஏற்கனவே எங்கயாவது வெளிவந்திருக்கோணும், மாமா வெங்காயத்தின்ர கழுத்தை நசிச்சுப் பாத்ததை அங்க எழுதினா எடுத்துப் போடுவினம், அவையின்ர விதிப்படி அது சரி. அப்ப நேரில கண்டது, கேட்டது, கையால செஞ்சது எல்லாம் முதல் முதலா எழுத்தில ஏறுறதுக்கு ஒரு இடம் வேணுமே. அதுக்கு புளொக்கை விட வசதியான இடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

வீடியோ? நல்லது, செய்யக்கூடியவை செய்யுங்கோ. ஆனா பெரியம்மாவைக் கமராவுக்கு முன்னால இருத்தினா ரெண்டு நிமிசத்தில "காணும் தம்பி, தலை இழுக்கேல்ல" எண்டு எழும்பிப் போயிடுவா, அதே ஆள் எழுத விட்டா பந்தி பந்தியா எழுதுவா. முகம் காட்ட விருப்பமில்லாதவை, குரல் நடுங்கிறவை, யோசிச்சு யோசிச்சுச் சொல்லுறவை கனபேர் இருக்கினம், அவைக்கு எழுத்துத்தான் தோது. வாசிக்கிறவைக்கும் டேட்டா மிச்சம், பஸ்ஸில நிண்டுகொண்டே தேவையான பந்திக்குப் போகலாம்.

ஒரு காலம் இஞ்ச இது நல்லாத்தான் நடந்தது. தமிழ்மணம் திரட்டி 2004இல வந்த பிறகு புதுப் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில தெரிஞ்சுது, 2009 ஓகஸ்ட்டில கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில இலங்கைத் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பே நடந்தது. பிறகு எல்லாரும் பேஸ்புக்குக்குப் போச்சினம், 2013இல புளொக்குகளை ஒரே இடத்தில வாசிக்க இருந்த கூகுள் ரீடரையும் மூடினாங்கள், வாசிக்கிற பழக்கமும் விட்டுப் போச்சு. அந்த நேரம் எழுதின சில பேரின்ர பதிவுகள் இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு, எழுதினவர் மறந்திருப்பார், நான் போய் வாசிக்கிறனான். அதே ஆக்கள் பேஸ்புக்கில எழுதினதில எனக்கு ஒண்டும் கிடைக்கிறேல்ல.

புளொக்கும் நிரந்தரம் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஜியோசிட்டீஸ் எண்ட இலவச இணையப் பக்கச் சேவையை 2009இல மூடினாங்கள், பேஸ்புக் மாதிரி இருந்த ஓர்குட்டை 2014இல, கூகுள் பிளஸ்ஸை 2019இல. இஞ்ச 2018 மார்ச்சிலயும், 2019 ஏப்ரலிலயும், 2022 ஏப்ரல் 3இலயும் சமூக ஊடகங்களை அரசாங்கமே பூட்டினது. மற்றவன்ர இடத்தில எழுதினா அவன் கதவைச் சாத்துற அண்டு நாங்கள் வெளியிலதான். ஆனா புளொக்கில எழுதினதை முழுசா ஒரு ஃபைலா இறக்கி எடுக்க வழி இருக்கு, புளொக்கரிலயும் இருக்கு, வேர்ட்பிரஸ்ஸிலயும் இருக்கு, இறக்கினதை இன்னொரு இடத்தில கொண்டுபோய் ஏத்தலாம். மாசத்துக்கு ஒருக்கா இறக்கி ஒரு பென் டிரைவில போட்டு, மெயிலுக்கும் ஒண்டு அனுப்பி வையுங்கோ. இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிற இன்ரநெட் ஆர்கைவ்வின்ர வேபேக் மெஷினில உங்கட பதிவின்ர முகவரியைக் குடுத்து, சேமிக்கிறதை அமத்தினா அங்கயும் ஒரு பிரதி நிக்கும்.

1981 யூன் 1ஆம் திகதி விடியேக்க யாழ்ப்பாண நூலகத்தில கிட்டத்தட்ட 97,000 புத்தகமும் சுவடியும் சாம்பல். நாங்கள் இதைச் சொல்லி அழுதுகொண்டே இருக்கிறம், அழத்தான் வேணும். 2005இல தொடங்கின நூலகம் திட்டத்து ஆக்கள் அச்சில வந்ததை எல்லாம் ஊர் ஊராத் தேடி ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கினம். ஆனா அச்சிலயே வராததை அவை எங்க போய்த் தேடுறது? அது உங்கட அம்மாவின்ர தலைக்குள்ளயும் என்ர மாமாவின்ர கையிலயும்தான் இருக்கு. ஆரும் வந்து எரிக்கத் தேவையில்லை, ஒரு போன் பழுதானாப் போதும்.

அதால இந்தக் கிழமையே ஒண்டு தொடங்குங்கோ. பெரிசா யோசிக்கவேண்டாம், வடிவமைப்பில மினக்கெடவேண்டாம், கிடக்கிற வெள்ளைப் பக்கமே காணும். போன கிழமை வட்ஸ்அப்பில ஆருக்காவது நீட்டா விளங்கப்படுத்தி எழுதின ஒண்டு கட்டாயம் இருக்கும், பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்த கதையோ, மீன் சந்தையில பாரைக்குட்டி பாத்து வாங்கிற விதமோ, அதைக் கொப்பி பண்ணி ஒட்டி, மேல திகதியும் ஊரும் போட்டு விடுங்கோ, அதுதான் முதல் பதிவு. வீட்டில பெரியாக்கள் இருந்தா அவையைக் கதைக்க விட்டு மைக்கை அமத்துங்கோ, வெளியில போட முதல் அவையிட்டக் கேளுங்கோ, மற்ற ஆக்களின்ர பேர் வந்தா எடுத்துவிடுங்கோ. தொடங்கினவை எனக்கு லிங்க் அனுப்புங்கோ, கட்டாயம் வாசிப்பன், மற்றவைக்கும் அனுப்புவன். பாமினியில அடிச்ச பழைய ஃபைல் வச்சிருக்கிறவை மாத்தத் தெரியாட்டி தாங்கோ, நான் மாத்தித் தாறன், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் எண்டா வீட்டுக்கே வந்து செஞ்சு தருவன், கொட்டாஞ்சேனை எண்டா ஞாயிற்றுக்கிழமையில வாறன்.